யோட்சுபாவும் அவள் தெருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்னக் குழந்தையின் அன்றாட நாட்களை மட்டுமே சொல்லும் ஜப்பானிய மங்காக்கள் பல உண்டு. யாராவது கேட்டால் அவற்றில் கியோஹிகோ அஸுமா வரையும் 'யோட்சுபாதோ!' தொடரைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். கதைச் சம்பவங்கள் சில இடையில் வரும். முடிச்சு போட்டு அவிழ்க்கும் கதை இதில் கிடையாது என்பதால் தெரிந்துகொண்டு படித்தாலும் சுவை குறையாது.

மங்கான்னா என்ன? நம்ம ஊர் காமிக்ஸ் மாதிரிதானா?

ஜப்பானிய காமிக்ஸ்தான் மங்கா. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. முதலில் பத்திரிகையில் தொடராக வரும், பிறகு அத்தியாயங்களைச் சேர்த்துத் தொகுதியாகப் போடுவார்கள். 'யோட்சுபாதோ!' 2003 முதல் 'டெங்கேகி டாயோ' என்ற மாத இதழில் வந்துகொண்டிருக்கிறது. அதே ஆண்டில் முதல் தொகுதி வெளியானது. 15ஆம் தொகுதி 2021இல் வந்தது.

முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் படக்கதை என்றால் இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும்தான் நினைவுக்கு வருவார்கள். மங்காவிலும் சாகசக் கதைகள் ஏராளம். அதோடு சமையல், அலுவலகம், பள்ளிக்கூடம், குடும்பம் என்று எதை வேண்டுமானாலும் பல தொகுதிகளுக்கு நிதானமாக எழுதும் வழக்கமும் அங்கே இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் ஒரு நாளுக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைப்பது அந்த வழக்கத்தால்தான்.

சரி, இந்த யோட்சுபா யாரு? கதை என்ன?

யோட்சுபா கொய்வாய், வயது ஐந்து. பச்சை நிற முடியை நாலு குடுமியாகக் கட்டியிருப்பாள். கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் அப்பாவுடன் ஒரு புது ஊருக்குக் குடி வருகிறாள். அப்பா வீட்டிலிருந்தே வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர். பக்கத்து வீட்டில் அயாசே குடும்பம்: கல்லூரியில் படிக்கும் அசாகி, மேல்நிலைப் பள்ளி மாணவி ஃபூகா, தொடக்கப் பள்ளிச் சிறுமி ஏனா, அவர்களுடைய அம்மா. அப்பாவின் நண்பன் ஜம்போ, பெயருக்கேற்ற உயரம், பூக்கடைக்காரர் மகன். இன்னொரு நண்பன் யாண்டா, யோட்சுபாவின் நிரந்தர எதிரி. ஏனாவின் தோழி மியூரா.

கதை என்று கேட்டால் இவ்வளவுதான். ஒரு நாள் சிள்வண்டு பிடிக்கப் போவார்கள். ஒரு நாள் சைக்கிள் வாங்குவார்கள். ஒரு நாள் காய்ச்சல் வரும்.

ஒண்ணுமே நடக்கலையே! இதை எதுக்குப் படிக்கணும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். முதல் இரண்டு அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள் கேட்பார்கள். பெரியவர்களுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. யோட்சுபாவுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. பூங்காவில் ஊஞ்சலைப் பார்க்கிறாள், அது என்ன என்றே அவளுக்குத் தெரியாது. ஏசி போட்டால் பூமி சூடாகும் என்று ஏனா வீட்டில் கேள்விப்படுகிறாள், உடனே ஏசி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவளுக்கு எதிரிகள் ஆகிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டிலேயே ஏசி ஓடுகிறது என்றால் அது எவ்வளவு பெரிய துரோகம்!

முதல் தொகுதியின் கடைசியில் கொட்டும் மழை வருகிறது. எல்லாரும் உள்ளே ஓட, இவள் வெளியே ஓடுகிறாள். தெருவில் தண்ணீர் தெறிக்க ஆடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டே அப்பா சொல்வது: அவளால் எதையும் ரசிக்க முடியும், அவளை யாராலும் ஜெயிக்க முடியாது. அந்த இடத்தில் அவர் குடை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடவில்லை, சளி பிடிக்கும் என்று கத்தவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தத் தொடரின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அப்படி நிற்கும் அந்த அப்பாவிடம் இருக்கிறது என்பேன்.

குழந்தை அழகாக இருப்பதால் மட்டும் ஒரு கதை இத்தனை தொகுதிகள் தாங்காது. சுற்றி இருக்கிற ஒவ்வொருவரும் அவள் கேட்பதற்குப் பதில் சொல்கிறார்கள், அவள் செய்வதற்கு நேரம் கொடுக்கிறார்கள். அடுத்து வரும் பல பதில்களும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேரும்.

சின்னப் பசங்க புக்கா இது?

சின்னப் பசங்களும் படிக்கலாம். ஆனால் இது வரும் 'டெங்கேகி டாயோ' இளைஞர்களும் பெரியவர்களும் படிக்கிற இதழ். அஸுமா அதே இதழில் 1999 முதல் 2002 வரை மேல்நிலைப் பள்ளி மாணவிகளைப் பற்றி நான்கு கட்டச் சிரிப்புப் பட்டைகள் வரைந்து புகழ் பெற்றவர். அந்த வாசகர்களை மனதில் வைத்துத்தான் யோட்சுபாவையும் தொடங்கினார்.

ஜப்பானிய அரசின் கலாச்சார முகமை நடத்திய ஊடகக் கலை விழாவில் 2006இல் இதற்குச் சிறப்பு விருது கிடைத்தது. மங்காவுக்கான பெரிய அங்கீகாரங்களில் ஒன்றான ஒசாமு தெசூகா கலாச்சாரப் பரிசின் முதன்மை விருது 2016இல் கிடைத்தது.

ஷின்சான் மாதிரி இருக்குமா? அவனுக்கும் அஞ்சு வயசுதானே?

டிவியில் தமிழ் பேசிய ஷின்சானைப் பார்த்து வளர்ந்த தலைமுறை கட்டாயம் கேட்கும் கேள்வி. வயது ஒன்றுதான், பாதை வேறு. யோஷிதோ உசுயி 1990இல் தொடங்கிய ஷின்சான், பெரியவர்கள் படிக்கும் வார இதழில் வந்த நையாண்டி. அங்கே பெரியவர்கள் மறைக்கப் பார்ப்பதையெல்லாம் ஷின்சான் நடுத்தெருவில் போட்டு உடைப்பான். அம்மாவின் கோபம், அப்பாவின் சம்பளம், அண்டை வீட்டுப் பொறாமை எல்லாம் சந்திக்கு வரும். சிரிப்பு பெரியவர்கள் படும் பாட்டிலிருந்து பிறக்கிறது.

யோட்சுபா யாரையும் அம்பலப்படுத்துவதில்லை. அவளுக்குப் பெரியவர்களை மட்டம் தட்டும் எண்ணமே கிடையாது. கேட்டதை நம்புகிறாள், நம்பியதை முழு மூச்சாகச் செய்கிறாள். இரண்டாம் தொகுதியில் டிவியில் அடியாட்கள் பழிவாங்கும் கதையைப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் துப்பாக்கியோடு பக்கத்து வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொருவராகச் 'சுட்டுத் தள்ளுகிறாள்'. முகத்தில் துளி சிரிப்பில்லை, அவ்வளவு தீவிரம். சுடப்பட்டவர்களும் அவளுக்கு ஈடுகொடுக்கிறார்கள். எனக்கு ஷின்சானும் பிடிக்கும். ஆனால் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது யோட்சுபாவைத்தான்.

எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்? தலைகீழா அச்சடிச்ச மாதிரி இருக்கே?

நமக்குப் பின்னட்டை எதுவோ அதுதான் இதற்கு முன்னட்டை. பக்கத்தை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். கட்டங்களையும் ஒவ்வொரு கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுகளையும் வலது மேல் மூலையில் தொடங்கி இடப்பக்கம் போய்க் கீழே இறங்கிப் படிக்க வேண்டும். முதல் அத்தியாயம் முடிவதற்குள் கண் பழகிவிடும்.

எந்தத் தொகுதியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்? நடுவுல எடுத்தா புரியுமா?

நடுவில் எடுத்தாலும் புரியும். ஆனாலும் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். முதல் தொகுதியில் அஸுமாவின் கை இன்னும் சிரிப்புப் பட்டை பழக்கத்தை விடவில்லை. முகபாவனைகள் கொஞ்சம் மிகையாக இருக்கும், சிரிப்புக்கு அவசரம் தெரியும். போகப் போக நடை மெதுவாகிறது, சுற்றுப்புறம் விரிகிறது. மூன்றாம் நான்காம் தொகுதிக்கு வந்தபின் அந்தத் தெரு நமக்கே தெரிந்த தெரு ஆகிவிடும்.

முதல் தொகுதி ஒட்டவில்லை என்பவர்களுக்கு ஐந்தாவதைக் கொடுப்பேன். டான்போ என்ற அட்டைப்பெட்டி ரோபோ வருவதும் கடலுக்குப் போவதும் அதில்தான்.

அந்த அட்டைப்பெட்டி ரோபோ படம் எங்கே பார்த்தாலும் வருதே, அது இதுலேர்ந்துதானா?

ஆமாம், அவன்தான் டான்போ. மியூரா கோடை விடுமுறைப் பள்ளி வேலைக்காக அட்டைப்பெட்டியில் செய்து, உள்ளே தானே நுழைந்துகொண்ட ரோபோ. அந்த நேரம் பார்த்து யோட்சுபா வருகிறாள், நிஜ ரோபோ என்று நம்பிவிடுகிறாள். உள்ளே ஆள் இருப்பதை எந்த நொடியிலும் சொல்லிவிடலாம். ஏனாவுக்கு மனசு வரவில்லை. ரோபோ எதில் ஓடும் என்ற கேள்விக்குக் காசில் ஓடும் என்று பதில் சொல்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் பெட்டிக்குள் வெந்துகொண்டே மியூரா ரோபோவாக நடக்கிறாள், பேசுகிறாள். அவளும் ஒரு சிறுமிதான். தன்னைவிடச் சின்னவளின் நம்பிக்கையைக் காப்பாற்ற அவள் படும் அந்தச் சிரமத்தை அஸுமா எங்கேயும் அடிக்கோடிட்டுக் காட்டவில்லை, வசனமாகவும் சொல்லவில்லை. பெட்டியின் ஓட்டைக் கண்களும் முக்கோண வாயும் மட்டும் அப்படியே நம்மைப் பார்க்கின்றன.

2008இல் கையோடோ நிறுவனம் டான்போவைக் கை கால் அசையும் பொம்மையாக வெளியிட்டது. அமேசான் ஜப்பானின் பெட்டி அச்சிட்ட வடிவமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் மழையிலும் புல்வெளியிலும் வைத்துப் படம் எடுத்தவர்களில் பலருக்கு மங்காவே தெரியாது. அப்படித் தெரியாமல் பொம்மையை ரசித்தவர்கள், அந்த ஓர் அத்தியாயத்தையாவது தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முகம் ரொம்ப எளிமையா இருக்கு, பின்னாடி வீடு, கடை எல்லாம் போட்டோ மாதிரி இருக்கே, ஏன் அப்படி?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். யோட்சுபாவின் முகம் சில கோடுகள்தான். அவள் நிற்கும் இடமோ, மின்கம்பியிலிருந்து கடை அலமாரியில் அடுக்கிய பொட்டலங்கள் வரை அத்தனை துல்லியம். மங்காவில் இந்த முறை புதிதில்லை. இந்தத் தொடரில் அதற்கு ஒரு தனிப் பலன் இருக்கிறது. பெரியவர்கள் தினமும் கடந்துபோகும் சமையலறை மேடை, படிக்கட்டு, சாலையோரத் தடுப்பு எல்லாம் அவ்வளவு கவனமாக வரையப்பட்டிருப்பதால் நம் கண்ணும் அங்கே நின்று பார்க்கிறது. குழந்தை ஒரு பொருளைப் பார்க்கும் வேகத்துக்கு நாமும் இறங்கி வந்துவிடுகிறோம்.

பேச்சே இல்லாத கட்டங்களையும் பாருங்கள். யோட்சுபா கேள்வி கேட்பாள், அடுத்த கட்டத்தில் அப்பா சும்மா நிற்பார், அதற்கடுத்த கட்டத்தில்தான் பதில் வரும். அந்த நடுக்கட்டம்தான் சிரிப்பைக் கொண்டுவருகிறது. குழந்தையோடு பேசும்போது நாமும் அப்படித்தானே ஒரு நொடி திகைத்து நிற்போம்! அவள் மனதில் ஓடுவதை எழுதிக் காட்டுவதும் அரிது. முகத்தையும் உடம்பையும் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான், பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல.

அம்மா எங்கே? அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஏன் சொல்லவே மாட்டேங்கிறாங்க?

யோட்சுபா, அப்பா கொய்வாய் பெற்ற பிள்ளை இல்லை. வெளிநாட்டில் சந்தித்ததாகவும், எப்படியோ தானே வளர்க்கும்படி ஆகிவிட்டதாகவும் அவர் ஓரிடத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். முன்பு எங்கே இருந்தாய் என்று யோட்சுபாவைக் கேட்டால் 'இடது பக்கம்' என்று கை காட்டுவாள். அதற்கு மேல் கதை விளக்கவில்லை.

வேறொருவர் எழுதியிருந்தால் இதை மையமாக வைத்துக் கண்ணீர்க் கதை பண்ணியிருப்பார். அஸுமா தொடவில்லை. எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. அயாசே வீட்டிலும் யாரும் துருவிக் கேட்பதில்லை, பாவம் என்று பார்ப்பதில்லை. அவள் பக்கத்து வீட்டுக் குழந்தை, சாப்பாட்டு நேரத்தில் வந்தால் தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறப்பின் ரகசியத்தைவிட அந்தத் தட்டுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. பதின்மூன்றாம் தொகுதியில் பாட்டி வந்து தங்குவார். அப்பாவின் அம்மா, பேத்தியைக் கண்டிப்பதும் வேலை பழக்குவதும் சொந்தப் பாட்டி மாதிரியேதான். ரத்த உறவா என்ற எண்ணமே படிக்கும்போது வராது.

அஞ்சு வயசுப் பிள்ளையை இப்படித் தனியா வெளிய விடறாரே, அந்த அப்பாவுக்குப் பொறுப்பே இல்லையா?

கோபத்தோடு கேட்ட அம்மாக்கள் உண்டு. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் கூட்டமாக நடந்தே பள்ளிக்குப் போவது சாதாரணம். சின்னப் பிள்ளைகளை முதன்முதலாகக் கடைக்கு அனுப்பிப் படம்பிடிக்கும் 'ஹாஜிமேத்தே நோ ஒட்சுகாய்' என்ற டிவி நிகழ்ச்சி 1991 முதல் அங்கே வருகிறது. 2022இல் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக வெளியுலகமும் பார்த்தது. அந்தப் பின்னணியில் யோட்சுபா பக்கத்துத் தெருவுக்குப் போவது பெரிய விஷயமில்லை. தெருவில் அவளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வழி தவறினால் கூட்டி வருகிறார்கள்.

எல்லை மீறினால் அப்பா சும்மா விடுவதும் இல்லை. ஆறாம் தொகுதியில் ஃபூகாவுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று, போகக்கூடாது என்று சொல்லியிருந்த தூரத்துக்குச் சைக்கிள் மிதித்து அவளுடைய பள்ளிக்கே போய்விடுகிறாள். நல்ல எண்ணம்தான், ஆனாலும் திட்டு விழுகிறது. பத்தாம் தொகுதியில் பாத்திரத்தை உடைத்துவிட்டுப் பொய் சொல்கிறாள். அப்பா கோவில் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும் நியோ காவல் சிலைகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். உடைத்ததற்குத் தண்டனை இல்லை, பொய்க்குத்தான் என்பது அவளுக்கு அங்கே விளங்குகிறது. பயந்து அழும் யோட்சுபாவை அந்த அத்தியாயத்தில் பார்த்தால், அவரைப் பொறுப்பில்லாத அப்பா என்று சொல்ல வராது.

20 வருஷமா வருது, இன்னும் அவளுக்கு அஞ்சு வயசுதானா? காலமே நகராதா?

நகர்கிறது, மிக மெதுவாக. கோடை விடுமுறைக்கு முதல்நாள் தொடங்கிய கதை, பதினைந்து தொகுதிகளில் ஏறக்குறைய அரை ஆண்டைத்தான் கடந்திருக்கிறது. சிள்வண்டு, கடல், கோடை முடிவு, புயல், ஓக் கொட்டை பொறுக்குவது, கஷ்கொட்டை, முகாம், குளிர் என்று பருவங்கள் வரிசையாக வருகின்றன. எந்த அத்தியாயத்திலும் வானத்தையும் உடுப்பையும் பார்த்தே மாதத்தை ஊகிக்கலாம். வீட்டுச் சாதனங்கள் மட்டும் வரைகிற ஆண்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டே வருகின்றன. இது ஆண்டைக் குறிப்பிட்டு நடக்கும் கதை இல்லை என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

தொகுதிகளுக்கு இடையே காத்திருப்பு நீளம்தான். 13ஆவது 2015இல், 14ஆவது 2018இல், 15ஆவது 2021இல். பின்னணியை அவ்வளவு உழைத்து வரைந்தால் அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும் என்று நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பேர் ரசிக்கிறாங்க, அனிமே மட்டும் ஏன் வரல?

அஸுமாவின் முந்தைய பள்ளி மங்கா அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடராக, வந்து நன்றாக ஓடியது. யோட்சுபாவுக்கு அது நடக்கவில்லை. என் கருத்து: மேலே சொன்ன பேச்சில்லாக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் படிப்பவர்தான் தீர்மானிக்கிறார். திரையில் அதை வேறு ஒருவர் தீர்மானிப்பார், இசை போடுவார். பான்கேக்கைத் திருப்பிப் போடத் தெரியாமல் யோட்சுபா திரும்பத் திரும்பக் கெடுக்கும் அத்தியாயத்தில், தோசைத் திருப்பி கையில் இருக்க அவள் முகம் மாறுவதை ஒவ்வொரு கட்டமாக நின்று பார்க்கலாம். அந்த நிதானம் புத்தகத்தில் மட்டும் கிடைத்தால் போதும்.

ஜப்பானிய மொழி கத்துக்கறேன், இதைப் படிச்சா உதவுமா?

உதவும், மொழி படிப்பவர்கள் பரவலாகக் கையில் எடுக்கும் மங்கா இது. கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பேச்செல்லாம் வீடு, கடை, சாப்பாடு, விளையாட்டு பற்றியது. படம் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: யோட்சுபா குழந்தைப் பேச்சு பேசுவாள், வார்த்தையைத் தப்பாகச் சொல்வாள். அதை அப்படியே மனப்பாடம் செய்து ஆசிரியரிடம் பேச வேண்டாம். மரியாதைப் பேச்சுக்கு ஃபூகா அண்டை வீட்டாரிடம் பேசுவதைக் கவனியுங்கள்.

என் ஆறு வயசுப் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டலாமா?

தாராளமாக. அப்பா உள்ளாடையோடு வீட்டில் திரிவார், நண்பர்கள் கூடினால் பீர் குடிப்பார்கள், தண்ணீர்த் துப்பாக்கி அத்தியாயத்தில் சாவு விளையாட்டு வரும். இவ்வளவுதான் நீங்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆங்கிலப் பதிப்பை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். பேச்சு குறைவு என்பதால் தடை இருக்காது, படத்தைக் காட்டி 'இப்ப என்ன பண்ணப் போறா?' என்று கேட்டாலே போதும்.

குழந்தைகள் சிரிக்கும் இடமும் நாம் சிரிக்கும் இடமும் வேறாக இருக்கும். ஏசி அத்தியாயத்தில் நமக்குச் சிரிப்பு வரும். குழந்தையோ 'அப்ப நம்ம வீட்டு ஏசி?' என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லத் தயாராக உட்காருங்கள்.

படிக்கப் படிக்க ஏதோ ஒரு ஏக்கமா இருக்கே. சிரிப்புக் கதைக்கு எனக்கு ஏன் கண் கலங்குது?

உங்களுக்கு மட்டும் இல்லை. நாம் யோட்சுபாவின் கண்ணால் பார்ப்பதில்லை, அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களின் இடத்திலிருந்து பார்க்கிறோம். இந்த நாட்கள் அவளுக்கு முடிவில்லாதவை. அப்பாவுக்கும் நமக்கும் இது ஓடிப்போகிற காலம் என்று தெரியும்.

பதினைந்தாம் தொகுதியில் ராண்டோசெரு வருகிறது. ஜப்பானில் தொடக்கப் பள்ளி சேரும் பிள்ளைகள் ஆறு வருஷமும் சுமக்கும் கெட்டியான தோள்பை அது. யோட்சுபாவுக்கு ஒரே குதூகலம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் அவளைப் பார்த்து அப்பாவின் கண் நிறைந்துவிடுகிறது. அதுவரை எல்லாவற்றையும் ஒரு கொட்டாவியோடு எதிர்கொண்ட மனிதர் அவர். காலம் நகருமா என்ற கேள்விக்கு மேலே சொன்னது நினைவிருக்கட்டும்: அரை ஆண்டுக் கதைதான். ஆனால் அதை நாம் பல வருடங்களாகப் படித்துவந்திருக்கிறோம். முதல் தொகுதியை வாங்கியபோது கல்லூரியில் இருந்தவர்கள் இப்போது பெற்றோர். அவர் அழும்போது அந்த வருடங்களெல்லாம் சேர்ந்து நம்மையும் அழவைக்கின்றன.

இது நிஜக் குழந்தையே இல்ல. பெரியவங்க ஆசைப்படற குழந்தை. ஒத்துக்கறீங்களா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். கொய்வாய்க்குப் பண நெருக்கடி இல்லை, வேலை வீட்டிலேயே, பக்கத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பமே தயார். இரவில் தூங்கவிடாத பிள்ளை, பகலெல்லாம் நச்சரிக்கும் பிள்ளை, அலுத்துப்போய் எரிந்துவிழும் பெற்றோர் இந்தப் பக்கங்களில் அதிகம் வருவதில்லை. நாள் முழுக்கக் குழந்தையோடு மாரடிக்கும் அம்மா ஒருவர் இதைப் படித்துவிட்டு 'இவ்வளவு சுலபமா?' என்று கேட்டால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மறு பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். யோட்சுபா முரண்டு பிடிக்கிறாள், பொய் சொல்கிறாள், யாண்டாவை வெறுக்கிறாள், தோற்றால் அழுகிறாள். ஒரு வேலையில் இறங்கினால் வேறெதுவும் காதில் விழாது. அவள் உடம்பு நிற்கும் விதம், மாடியேறும் விதம், பொருளைத் தூக்கும் விதம் எல்லாம் ஒரு குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர் வரைந்தவை. என் பார்வையில் இங்கே ஆசையால் வரையப்பட்டது குழந்தை இல்லை, அந்தத் தெருதான். கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லும் பெரியவர்கள் ஒரே தெருவில் இத்தனை பேர் கிடைப்பது அபூர்வம். அப்படி ஒரு தெருவை ஒருவர் இவ்வளவு ஆண்டுகள் சலிக்காமல் வரைகிறார் என்பதே எனக்கு இந்த மங்காவின் மேல் இருக்கும் மதிப்புக்குக் காரணம்.

எல்லாத் தொகுதியும் முடிச்சாச்சு. அடுத்து என்ன படிக்கலாம்?

சத்சுகி யோஷினோவின் 'பராகாமோன்'. கோபத்தில் ஒருவரை அடித்துவிட்டு, நாகசாகி பக்கம் கோட்டோ தீவுகளுக்கு அனுப்பப்படும் இளம் எழுத்தணிக் கலைஞர் ஹாண்டா. அவர் தங்கும் வீட்டைத் தன் விளையாட்டு இடமாக வைத்திருக்கும் சிறுமி நாரு. யோட்சுபாவைவிடக் கலகலப்பு அதிகம். இங்கே வளர வேண்டியவர் பெரியவர்தான், அதனால் கதைக்கு ஒரு போக்கும் உண்டு.

சமையல் பிடிக்குமென்றால் கிடோ அமாகாகுரேயின் 'அமாமா தோ இனாசுமா', 12 தொகுதிகளில் முடிந்தது. மனைவியை இழந்த ஆசிரியர், சின்ன மகளுக்காகத் தன் மாணவி ஒருத்தியோடு சேர்ந்து சமையல் கற்கிறார். யோட்சுபாவில் சொல்லாமல் விட்ட இழப்பு இதில் நேராகவே வருகிறது. 'இவ்வளவு சுலபமா?' என்ற அந்த அம்மாவின் கேள்விக்கும் இங்கே கொஞ்சம் பதில் கிடைக்கும்.

யூமி உனிதாவின் 'உசாகி டிராப்' பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தாத்தா இறந்தபின் அவர் விட்டுப்போன ஆறு வயதுப் பெண்ணை முப்பது வயதுப் பேரன் எடுத்து வளர்க்கும் கதை. முதல் நான்கு தொகுதிகள் அருமை. வேலை நேரம், குழந்தைக் காப்பகம், பள்ளிச் சேர்க்கை என்று வளர்ப்பின் நிஜ உழைப்பு முழுக்க அதில் இருக்கிறது. ஐந்தாம் தொகுதியில் பத்து வருடம் தாவி, கதை வளர்த்தவருக்கும் வளர்ந்தவளுக்கும் இடையே காதலை நோக்கிப் போகிறது. எனக்கு அது ஏற்கவே முடியவில்லை. நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2011இல் வந்த அனிமேயும் அந்த முதல் பகுதியை மட்டும்தான் எடுத்திருக்கிறது.